மரபுவழித் தற்காப்புக் கலைகளும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியும்

மரபுவழித் தற்காப்புக் கலைகள் என்பவை ஒரு நிலப்பகுதியில் தோன்றி, ஆசான் வழியாகத் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வரும் சண்டைக் கலைகள் ஆகும். கலப்புத் தற்காப்புக் கலை (எம். எம். ஏ.) என்பது குத்து, உதை, பிடி, மல்லாட்டம், தரைச்சண்டை ஆகிய அனைத்தையும் ஒரே விதித்தொகுப்பின் கீழ் அனுமதிக்கும் தற்காலப் போட்டி விளையாட்டு ஆகும். இவ்விரண்டில் எது உண்மையான சண்டைத் திறனை வளர்க்கிறது என்ற விவாதம் 1993ஆம் ஆண்டுக்குப் பின் உலகெங்கும் வலுப்பெற்றது. தமிழ்நாட்டில் இவ்விவாதம் சிலம்பம், குத்துவரிசை, அடிமுறை, வர்மக்கலை ஆகியவற்றை ஒட்டி எழுகிறது. சென்னையில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் நடக்கும் சிலம்ப வகுப்புகளும், உடற்பயிற்சிக் கூடங்களில் நடக்கும் கலப்புத் தற்காப்புக் கலை வகுப்புகளும் ஒரே தலைமுறை மாணவர்களை ஈர்ப்பதால், இது பெற்றோர், ஆசான்கள், விளையாட்டு நிருவாகிகள் ஆகியோருக்கு நடைமுறைக் கேள்வியாகவும் உள்ளது.

தமிழகத்தின் மரபுவழிக் கலைகள்

சிலம்பம்: மூங்கில் அல்லது பிரம்புக் கம்பைக் கொண்டு ஆடப்படுவது. கம்பின் உயரம் பொதுவாக ஆடுபவரின் நெற்றி அல்லது புருவ மட்டம் வரை இருக்கும். காலடி முறைகளே இதன் அடிப்படை. கம்பு எடுக்கும் முன்பே மாணவர் பல நாட்கள் காலடி பழகுவார். வீச்சு, வெட்டு, குத்து, தடுப்பு ஆகியவை காலடியோடு சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன. மான்கொம்பு, சுருள்வாள், வாள், கட்டாரி, தீப்பந்தம் ஆகியவையும் இதன் பகுதிகளாகப் பயிலப்படுகின்றன. போர்ச் சிலம்பம், அலங்காரச் சிலம்பம் என்ற பிரிவும் வழக்கில் உள்ளது.

குத்துவரிசை: கருவி இன்றிக் கை கால்களால் செய்யப்படும் தாக்குதலும் தடுப்பும் வரிசைகளாக அமைக்கப்பட்டது.

அடிமுறை: கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதனை ஒட்டிய தென் கேரளத்திலும் வழங்கும் வெறுங்கைச் சண்டைக் கலை. களரிப்பயிற்றின் தென்னக வடிவத்துடன் நெருங்கிய தொடர்பு உடையது.

வர்மக்கலை: உடலின் குறிப்பிட்ட நிலைகளைத் தாக்குதல், அத்தாக்குதலால் ஏற்பட்ட கேட்டை நீக்குதல் ஆகிய இரண்டையும் கூறுவது. சித்த மருத்துவத்துடன் இணைந்தது.

மல்லாட்டம்: மிகப் பழைமையான சான்று உடையது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் (80 முதல் 82 வரை) குறிக்கின்றன. இவற்றுள் 80ஆம் பாடல் எதிரியின் மார்பில் ஒரு காலை ஊன்றி அடக்கும் நிலையை விவரிக்கிறது. இன்றைய தரைச்சண்டையில் எதிரியின் மேல் முழங்காலை ஊன்றி அடக்கும் நிலைக்கு இது நெருக்கமானது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டம் கொண்டவன். சென்னைக்குத் தெற்கே உள்ள மாமல்லபுரம் இப்பெயரால் வழங்குகிறது.

வரலாறு

பாளையக்காரர் போர்கள் முடிவுற்ற 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு தென் தமிழகத்தில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. போர்க்களப் பயன் மறைந்த பின் இக்கலைகள் கோயில் திருவிழா, ஊர்வலம், சிற்றூர் ஆசான்களின் பயிற்சிக் களம் ஆகியவற்றில் எஞ்சின. தோட்டத் தொழிலாளர்களாகவும் பிறவாறும் புலம்பெயர்ந்த தமிழர் சிலம்பத்தை மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குக் கொண்டு சென்றனர்.

சென்னையில் மேலைநாட்டு முறையிலான விளையாட்டுக் கல்வி வேறொரு பாதையில் வளர்ந்தது. 1920இல் ஆரி குரோ பக் தொடங்கிய ஒய். எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரி, இன்று நந்தனத்தில் உள்ளது. எழுதப்பட்ட விதி, அளவிடப்பட்ட களம், நடுவர் என்ற அமைப்பை உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாகப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றதில் இக்கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. வடசென்னையில் ஆங்கிலேயரின் குத்துச்சண்டை, சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனப் பரம்பரை அமைப்புக்குள் வந்து உள்ளூர் மரபாகவே மாறியது. வெளியிலிருந்து வந்த ஒரு போட்டி விளையாட்டு சென்னையின் மரபாக மாற முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

தென் சென்னையில் மரபுக் கலைகளுக்கு மற்றொரு புகலிடம் திரையும் மேடையும் ஆகும். சிலம்பம் அறிந்த ம. கோ. இராமச்சந்திரன் பெரிய இடத்துப் பெண் (1963), ரிக்சாக்காரன் (1971) ஆகிய படங்களில் சிலம்பச் சண்டைக் காட்சிகளில் தோன்றினார். தியாகராய நகர் ஆற்காடு தெருவில் உள்ள அவரது இல்லம் இன்று நினைவில்லமாக உள்ளது. பெசன்ட் நகர் எலியட்சு கடற்கரை அருகே வாழ்ந்த நடனக் கலைஞர் சந்திரலேகா (1928–2006), தம் அங்கிகா (1985) படைப்பில் பரதநாட்டியத்துடன் களரிப்பயிற்றையும் யோகத்தையும் இணைத்தார். 1977இல் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறையில் நடிகர் பயிற்சியின் பகுதியாகச் சிலம்பமும் களரியும் கற்பிக்கப்பட்டன. இவ்விடங்களில் கலையின் சண்டைப் பயனைவிட உடல் ஒழுங்கே முதன்மையாகக் கருதப்பட்டது.

1973இல் புரூசு லீயின் எண்டர் த டிராகன் வெளிவந்த பின் கராத்தே வகுப்புகள் நகரில் பெருகின. வெள்ளை முதல் கறுப்பு வரையிலான பட்டை, பட்டைத் தேர்வு, சான்றிதழ் என்ற அமைப்பு நடுத்தர வகுப்புப் பெற்றோரைக் கவர்ந்தது. சிலம்ப ஆசான்களிடம் இத்தகைய எழுத்துவழி அமைப்பு அன்று பரவலாக இல்லை.

கலப்புத் தற்காப்புக் கலையின் தோற்றம்

கலந்த முறைப் போட்டி புதிதன்று. பண்டைய கிரேக்க ஒலிம்பிக்கில் குத்தும் மல்லாட்டமும் கலந்த பான்கிரேசன் கி. மு. 648இல் சேர்க்கப்பட்டது. 1910இல் இலண்டன் சென்ற இந்திய மல்லர் காமா, அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை வென்றார். போலந்தைச் சேர்ந்த இசுடானிசுலாசு சிபிசுகோவுடனான அவரது ஆட்டம் முடிவின்றி நின்றது. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் பொருதபோது காமா ஒரு நிமிடத்திற்குள் வென்றார். 1976 சூன் 26 அன்று டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் மல்லர் அன்டோனியோ இனோக்கியும் மோதினர். இனோக்கி பெரும்பாலும் தரையில் படுத்தே உதைத்த அந்த ஆட்டம் சமனில் முடிந்தது.

தற்கால வடிவம் 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யு. எப். சி. போட்டியிலிருந்து கணக்கிடப்படுகிறது. சுமோ, சவாத், குத்துச்சண்டை, கராத்தே எனப் பல முறைகளைச் சேர்ந்த எட்டுப் பேர் எடைப் பிரிவு இன்றிப் போட்டியிட்டனர். கடித்தல், கண்ணைத் தோண்டுதல் ஆகியவை மட்டுமே முதன்மையான தடைகளாக இருந்தன. ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ராய்சு கிரேசி, எதிரிகளைத் தரைக்கு இழுத்துக் கழுத்துப் பிடி முதலியவற்றால் பணிய வைத்து வென்றார். நின்று சண்டையிடுவதை மட்டுமே பயின்றவர்கள் தரையில் செயலற்றுப் போனதை இப்போட்டி காட்டியது.

இதன் வன்முறையைக் கண்டித்த அமெரிக்க மேலவை உறுப்பினர் சான் மெக்கெயின் இதனை மனிதச் சேவற்சண்டைக்கு ஒப்பிட்டார். அதன் பின் பல மாநிலங்கள் இப்போட்டியைத் தடை செய்தன. இவ்விளையாட்டு பிழைத்ததற்கு ஒருங்கிணைந்த விதிகள் காரணமாயின. 2000ஆம் ஆண்டளவில் நியூ செர்சி மாநிலத்தில் உருவான இவ்விதிகளின்படி எடைப் பிரிவு, கையுறை, மருத்துவச் சோதனை ஆகியவை கட்டாயம். ஆட்டம் ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று கொண்டது. பட்டத்துக்கான ஆட்டம் ஐந்து சுற்றுகள். கண், தொண்டை, பின்தலை, முதுகெலும்பு, பிறப்புறுப்பு ஆகியவற்றைத் தாக்குதலும், விரல் போன்ற சிறு மூட்டுகளை முறுக்குதலும், தரையில் உள்ளவரைத் தலையில் உதைத்தலும் தவறுகளாகும். விதிகள் இன்றும் மாறி வருகின்றன. முழங்கையை மேலிருந்து நேர்கீழாக இறக்கித் தாக்குவதற்கு இருந்த தடை 2024 நவம்பரில் நீக்கப்பட்டது.

இந்தியாவில்

சூப்பர் பைட் லீக் என்ற தொழில்முறைப் போட்டித்தொடர் 2012இல் மும்பையில் தொடங்கப்பட்டது. பாரத் கந்தாரே 2017 நவம்பரில் யு. எப். சி.யில் களமிறங்கினார். 2021 மே மாதத்தில், இந்திய வம்சாவளிக் கனடியரும் மல்லருமான அர்சன் புல்லர், ஒன் சாம்பியன்சிப் நிறுவனத்தின் மிகுஎடைப் பட்டத்தை வென்றார். 2024 சூன் 8 அன்று பூசா தோமர், யு. எப். சி.யில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியர் ஆனார்.

இவர்களுள் பலர் மரபுவழிக் கலை அல்லது பழைய விளையாட்டு ஒன்றிலிருந்து வந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. தோமர் சீனத்து ஊசூவில் தேசிய அளவில் ஆடியவர். புல்லரும், 2019இல் களமிறங்கிய ரித்து போகத்தும் மல்லாட்டத்தில் பயின்றவர்கள். தமிழகத்திலிருந்து சிலம்பத்தின் வழியாக இந்த அளவுக்கு எவரும் இதுவரை உயரவில்லை. சிலம்பம் கருவிக் கலை என்பதும், கூண்டுப் போட்டி வெறுங்கைப் போட்டி என்பதும் இதற்கு முதற்காரணம் ஆகும்.

விவாதத்தின் மையக் கருத்துகள்

மரபுவழிக் கலையினர் பொதுவாக முன்வைக்கும் கருத்துகள்:

* வர்ம நிலைகளுள் பல கண், தொண்டை, பின்தலை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் உள்ளன. இவற்றைத் தாக்குவதைப் போட்டி விதிகள் தடை செய்கின்றன. எனவே கூண்டுக்குள் பெறும் தோல்வி கலையின் தோல்வி ஆகாது.
* கூண்டில் ஒருவரோடு ஒருவர் மட்டுமே மோதுவர். பலர் சூழ்ந்த நிலையைச் சிலம்பம் கருதுகிறது. அந்நிலையில் தரையில் விழுவது ஆபத்து.
* மரபுக் கலை முதுமை வரை பயிலத்தக்கது. உடல்நலம், மருத்துவ அறிவு, ஒழுக்கம் ஆகியவையும் அதன் பயன்கள்.

கலப்புக் கலையினர் பொதுவாக முன்வைக்கும் கருத்துகள்:

* எதிர்க்கும் ஆளிடம் முழு விசையுடன் செய்து பார்க்காத ஒரு நுட்பம், தேவைப்படும் வேளையில் கைகொடுக்கும் என்று கூற இயலாது. கண்ணைத் தாக்கும் பயிற்சியை எவரும் உண்மையில் செய்து பார்க்க முடியாது. ஆனால் முகத்தில் குத்துவதை நாள்தோறும் செய்து பார்க்கலாம். அசையும் முகத்தில் குத்த இயலாதவர் அசையும் கண்ணைத் தொடவும் இயலாது.
* தடை செய்யப்பட்ட நுட்பங்கள் இரு தரப்புக்கும் தடை செய்யப்பட்டவையே.
* ஆசானின் புகழைவிட ஆட்டத்தின் முடிவே நம்பத்தகுந்த சான்று.

இவ்விரு தரப்பும் ஒரே உண்மையின் இரு பக்கங்களைக் கூறுகின்றன எனலாம். 1882இல் கானோ சிகோரோ ஜூடோவை உருவாக்கியபோது, பழைய ஜுஜுட்சுவின் ஆபத்தான நுட்பங்களை மாதிரி வரிசைகளில் மட்டும் வைத்துக்கொண்டு, ஆபத்துக் குறைந்தவற்றை முழு விசையுடன் பயிலச் செய்தார். நுட்பங்களின் எண்ணிக்கை குறைந்தாலும், எதிர்ப்புடன் கூடிய பயிற்சியால் திறன் கூடியது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவும் ஜூடோவின் இவ்வழியில் வந்ததே.

இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. 2017 ஏப்ரலில் சீனாவின் செங்டு நகரில் கலப்புக் கலை வீரர் சூ சியாதோங், தாய் சி ஆசான் ஒருவரைச் சில நொடிகளில் வீழ்த்தினார். எதிர்ப்புப் பயிற்சி இன்றித் தற்பெருமையை மட்டும் வளர்க்கும் போக்கிற்கு இது எச்சரிக்கையாகக் கருதப்பட்டது. ஆயினும் ஓர் ஆசான் தோற்றதைக் கொண்டு ஒரு கலை முழுவதையும் மதிப்பிட இயலாது என்ற மறுப்பும் எழுந்தது.

விதிகள் கலையை மாற்றும் விதம்

ஒரு கலை போட்டியாகும்போது, எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதுவே வளர்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே சேர்க்கப்பட்டது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2021 ஆகத்து 7 அன்று நடந்த ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதியாட்டத்தில், சவூதி வீரர் தாரேக் அமேதியின் உதை ஈரானியரான சச்சாத் கஞ்சாதேயை நினைவிழக்கச் செய்தது. மிகை விசைக்காக அமேதி தகுதி நீக்கப்பட்டார். நினைவிழந்தவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. கட்டுப்பாடே திறன் என்னும் கராத்தே விதிப்படி இது சரியான தீர்ப்பு. அதே உதை கலப்புக் கலைக் கூண்டில் விழுந்திருந்தால் அமேதி வென்றிருப்பார்.

சிலம்பமும் இதே மாற்றத்தைச் சந்தித்து வருகிறது. பழைய ஊர்ப் போட்டிகளில் கம்பின் நுனியில் பொடி தடவி, எதிரியின் உடலில் விழும் பொட்டைக் கொண்டு தொடுகையைக் கணக்கிடும் வழக்கம் இருந்தது. இன்றைய போட்டிகள் தனித்திறன் வீச்சு, தொடுமுறைச் சண்டை எனப் பிரிக்கப்படுகின்றன. தனித்திறனில் வேகமும் அழகும் மதிப்பிடப்படுகின்றன, எதிரி இல்லை. தொடுமுறையில் எதிரி உண்டு. ஆனால் மெல்லிய தொடுகையும் வலிய அடியும் ஒரே புள்ளியாகலாம். கம்பு தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் பாதுகாப்புக் கவசமும் தொடுமுறையும் தவிர்க்க இயலாதவை. ஆகவே கருவிக் கலையை முழு விசையுடன் சோதிக்கும் போட்டி எதுவும் கலப்புக் கலைக்கு நிகராக அமைவது அரிது.

அரசு அங்கீகாரமும் வாழ்வாதாரமும்

2021இல் தமிழ்நாடு அரசு, அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு இடஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 சனவரியில் சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் சிலம்பம் நடத்தப்படுகிறது.

இதன் விளைவு எளிதில் விளங்கும். சிலம்பம் பயிலும் மாணவருக்குச் சான்றிதழ் வேலைக்கான தகுதியாகிறது. சான்றிதழ் தரும் அமைப்பு எது, நடுவர் யார், எந்த ஆசானின் பாடமுறை விதிநூலுக்குள் வருகிறது என்பவை முன்னைவிட முக்கியமாகின்றன. பதக்கப் பிரிவில் இல்லாத சுருள்வாள், மான்கொம்பு, குத்துவரிசை போன்றவற்றைக் கற்க மாணவருக்குத் தூண்டுதல் குறைகிறது. மறுபுறம், அங்கீகாரம் இல்லாதிருந்தால் பல பயிற்சிக் களங்களுக்கு மாணவர்களே வந்திருக்க மாட்டார்கள். கலையைக் காக்கும் போட்டியே கலையைச் சுருக்கவும் கூடும் என்பதே இங்குள்ள சிக்கல்.

கலப்புக் கலை பயில்வோரின் நிலை வேறு. தொழில்முறை வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைக்கிறது. தலையில் தொடர்ந்து படும் அடியால் மூளைக்கு நீண்டகாலக் கேடு ஏற்படலாம் என்பது குத்துச்சண்டையில் இருந்தே அறியப்பட்ட ஒன்று. மருத்துவச் சோதனையும் தகுதியுள்ள நடுவரும் இல்லாத சிறு போட்டிகளில் இந்த ஆபத்து கூடுதல். சிறுவர்களுக்குத் தலையில் அடி இல்லாத மல்லாட்டம், ஜூடோ, ஜியு-ஜிட்சு ஆகியவற்றில் தொடங்குவது பாதுகாப்பான வழியாகக் கருதப்படுகிறது.

பரவலான தவறான கருத்துகள்

காஞ்சிபுரத்திலிருந்து சென்ற போதிதருமர் சாவோலின் மடத்துத் துறவிகளுக்குத் தமிழர் போர்க்கலையைக் கற்பித்தார் என்பது தமிழகத்தில் பரவலான நம்பிக்கை. ஏழாம் அறிவு (2011) திரைப்படம் இதனை மேலும் பரப்பியது. போதிதருமர் தென்னிந்தியர் என்று கூறும் பழைய சீனக் குறிப்பு உண்டு. நடு ஆசியர் என்று கூறும் குறிப்பும் உண்டு. ஆனால் அவரைப் போர்க்கலையோடு இணைக்கும் செய்தி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சீன நூலில் இருந்தே தொடங்குகிறது. அவர் வாழ்ந்த காலத்திற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பிந்திய இச்செய்தியை வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. தமிழரின் சண்டைக் கலை மரபிற்குப் புறநானூறே சான்றாக இருக்க, இந்தத் தொன்மத்தைச் சார்ந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

இதேபோல், ஒரு விரல் தொடுகையால் எவரையும் எந்நிலையிலும் செயலிழக்கச் செய்யலாம் என்பது இந்தியன் (1996) போன்ற திரைப்படங்கள் தந்த தோற்றமாகும். எதிர்க்கும், அசையும் ஆளிடம் இது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் கழுத்து, தாடை, விலாவின் கீழ் உள்ள கல்லீரல் போன்ற இடங்களில் படும் அடி ஒருவரை வீழ்த்தும் என்பதைக் கலப்புக் கலைப் போட்டிகளே அடிக்கடி காட்டுகின்றன. நலிந்த இடங்களைப் பற்றிய வர்ம அறிவின் ஒரு பகுதி இவ்வகையில் சரியானதே.

மக்கள் பண்பாட்டில்

தனுசு நடித்து 2020 சனவரியில் வெளியான பட்டாசு திரைப்படம் அடிமுறையையும் கலப்புத் தற்காப்புக் கலையையும் நேரடியாக எதிரெதிரே நிறுத்தியது. படத்தில் மரபுக் கலை வெல்கிறது. அடிமுறை என்ற பெயரைப் பலர் இப்படத்தின் வழியாகவே முதன்முறை அறிந்தனர். 2021இல் வெளிவந்த சார்பட்டா பரம்பரை, வடசென்னைக் குத்துச்சண்டையின் பரம்பரை அமைப்பை மீண்டும் பேசுபொருளாக்கியது.

இணக்க முயற்சிகள்

இரு வழிகளையும் பகையாகக் கருதாத பயிற்சியாளர்களும் உள்ளனர். சிலம்பத்தின் காலடி, தொலைவு கணித்தல், இரு கைகளையும் ஒருங்கே பயன்படுத்தல் ஆகியவை வெறுங்கைச் சண்டைக்கும் பயன்படுபவை. கலப்புக் கலையிலிருந்து மரபுக் கலையினர் பெறத்தக்கது எதிர்ப்புடன் கூடிய பயிற்சி முறை ஆகும். இதற்குக் கூண்டு தேவையில்லை. கவசமும் மென்கம்பும், முன்கூட்டியே சொல்லிவைக்காத தாக்குதலும் போதும். பழைய ஆசான்களின் களத்தில் இத்தகைய சோதனை இருந்தது என்பதற்குப் பொட்டு வைக்கும் போட்டி வழக்கமே சான்று.

இவற்றையும் பார்க்க

* சிலம்பம்
* அடிமுறை
* வர்மக்கலை
* களரிப்பயிற்று
* மல்யுத்தம்
* போதிதருமர்